மேற்கோள் கணக்குக்குள் அடங்காத பட்நாகர்

புது தில்லி: உயர்கல்வி நிறுவனங்களின் ஆய்வுத் தரத்தைக் கட்டுரைகளின் எண்ணிக்கையாலும், அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கையாலும் அளந்துவரும் மத்திய கல்வி அமைச்சகத்தின் தரவரிசைப் பட்டியல், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் முறையை 2025-ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. போலிகளைக் களைய இது தேவையான நடவடிக்கைதான். ஆனால், எண்ணிக்கையே தரம் என்கிற அடிப்படை மாறவில்லை. அந்த அடிப்படை எவ்வளவு பலவீனமானது என்பதற்குத் தலைநகரிலேயே பணியாற்றிய ஒரு கணிதப் பேராசிரியரின் வாழ்க்கை சான்றாக இருக்கிறது.

ராஜஸ்தானின் கோட்டாவில் 1912-இல் பிறந்த பிரபுலால் பட்நாகர், 1940 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இடையில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் ஹார்வர்டு சென்றிருந்தபோது, யூஜின் கிராஸ், மேக்ஸ் குரூக் ஆகியோருடன் சேர்ந்து 1954-இல் "ஃபிசிக்கல் ரிவ்யூ" இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளால் அது இன்று பி.ஜி.கே. மாதிரி என்றழைக்கப்படுகிறது.

வாயு மூலக்கூறுகள் மோதிக்கொள்ளும் விதத்தை விவரிக்கும் போல்ட்ஸ்மான் சமன்பாடு 1872-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதிலுள்ள மோதல் பகுதி பல மடங்குத் தொகையீடாக இருப்பதால், அதற்குத் தீர்வு காண்பது பெரும்பாடு. மோதல்கள் ஒவ்வொன்றையும் கணக்கிடாமல், வாயு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சமநிலையை நோக்கித் திரும்புகிறது என்று மட்டும் கொண்டால் போதும் என்றனர் மூவரும். பார்வைக்கு எளிமையாகத் தோன்றினாலும் இதுவும் நேரியலற்ற சமன்பாடுதான். ஏனெனில், அந்தச் சமநிலையின் அடர்த்தி, வேகம், வெப்பநிலை ஆகியவற்றை இன்னும் கண்டறியப்படாத விடையிலிருந்தே பெற வேண்டியிருக்கிறது.

கட்டுரையின் பெரும் செல்வாக்கு வந்தது பிற்பாடுதான். கணினிகள் வலுப்பெற்று, 1990-களில் "லாட்டிஸ் போல்ட்ஸ்மான்" என்னும் கணக்கீட்டு முறை பரவியபோது, பி.ஜி.கே. அதன் மையத்தில் அமர்ந்தது. நுண்துளைப் பாறையில் எண்ணெய் ஊடுருவுவதும், நாளங்களில் ரத்தம் ஓடுவதும், கார் மீது காற்று மோதுவதும் இம்முறையில் கணிக்கப்படுகின்றன. மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. பட்நாகர் காலமானதோ 1976-இல்!

தேசியத் தரவரிசை கணக்கில் கொள்வது மூன்றாண்டுக் கட்டுரைகளை. ஆய்விதழ்களின் "தாக்கக் குறியீடு" என்பதற்கோ இரண்டே ஆண்டுகள். கணிதத்துக்கு இந்த அவசரம் பொருந்தாது என்று சர்வதேசக் கணித ஒன்றியமும் வேறு இரு அமைப்புகளும் 2008-லேயே அறிக்கை வெளியிட்டன. கிளாரிவேட் நிறுவனம் 2023-இல், அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர்கள் பட்டியலிலிருந்து கணிதத் துறையையே நீக்கியது. மேற்கோள் எண்ணிக்கை குறைவான சிறிய துறை என்பதால், ஒரு சிலர் பரஸ்பரம் மேற்கோள் காட்டிக்கொண்டே பட்டியலுக்குள் நுழைந்துவிட முடியும் என்பதே பிரச்னை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் போக்கும் தடுமாற்றமே. 2010-இல் ஆசிரியர் பதவி உயர்வுக்குக் கட்டுரைக் கணக்கில் மதிப்பெண் வழங்கியது. பணம் கொடுத்தால் பிரசுரிக்கும் இதழ்கள் பெருகின. அவற்றை வடிகட்டக் "கேர்" பட்டியலைக் கொண்டுவந்து, 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டது. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-இல் நீக்கியது மட்டும் துணிந்து எடுத்த நல்ல முடிவு.

பட்நாகர் 1956-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயன்பாட்டுக் கணிதத் துறையைத் தோற்றுவித்தார். அங்கு அவர் உருவாக்கிய மாணவர் பரம்பரைக்கு எந்தக் குறியீட்டிலும் இடமில்லை. பின்னாளில் அவர் ஆர்வம் கொண்டது நேரியலற்ற அலைகளில். அது குறித்த அவரது நூல் 1979-இல், அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பிறகு, ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது.