சிறுவயதில் பட்ட காயம் பின்னாளில் வலிக்கும்

மூட்டை தூக்குபவர் இடுப்பு வலி என்றால் நம்புகிறோம். கணக்கு எழுதுபவர் உடம்பெல்லாம் வலி, உறக்கமில்லை என்றால் ‘எல்லாம் பிரமை’ என்று தள்ளிவிடுகிறோம். எக்ஸ்ரேயில் குறை தெரியாவிட்டால், வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்ற பட்டமும் சேர்கிறது. அந்த வலியின் வேர் சில வேளைகளில் சிறு பிராயத்தில் இருக்கக்கூடும் என்கிறது மருத்துவம்.

1998-ல் அமெரிக்காவில் 9,500-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. சிறுவயதில் அடி உதை, வசவு, வீட்டில் குடிகாரர் என நான்கு வகைத் துன்பங்களோ அதற்கு மேலோ கண்டவர்களுக்கு, குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் அத்தகைய துன்பம் எதுவும் காணாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று அது கூறியது. நாள்பட்ட வலியும் இத்தகையோருக்கு அதிகம் எனப் பிந்திய ஆய்வுகள் காட்டுகின்றன.

காரணம் என்ன? இடைவிடாத பயத்தில் வளரும் பிள்ளையின் நரம்பு மண்டலம் எப்போதும் விழிப்பிலேயே இருக்கப் பழகிவிடுகிறது. வெறும் தட்டிலேயே முள் சாய்ந்து நிற்கும் தராசில் 100 கிராம் வைத்தால் கூடுதலாகக் காட்டும் அல்லவா? அதுபோலச் சிறு வலியும் பெரிதாகத் தெரிகிறது. வலி பொய்யல்ல, அளக்கும் கருவி மாறியிருக்கிறது.

நம் சங்கரன்கோவிலுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. கிழக்கே கோவில்பட்டி, வடகிழக்கே சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி வேலையில் ஒரு காலத்தில் ஏராளமான சிறுவர் சிறுமியர் இருந்தனர். சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், விதிமீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அன்றைய பிள்ளைகள் இன்று நடுவயதினர். நம் சிப்பந்திகளிலும் வாடிக்கையாளர்களிலும் அவர்கள் உண்டு.

துன்பம் கண்ட அனைவரும் நோயாளி ஆவதில்லை. அன்பு காட்டும் பெரியவர் ஒருவர் அருகிலிருந்தாலே பாதிப்பு குறைகிறது. வலிக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சையும் உண்டு. 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கிறது.

வணிகப் பெருமக்கள் செய்ய வேண்டியது இரண்டு. 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கடை வேலைக்கு வைக்கக் கூடாது. 2016 சட்டத் திருத்தப்படி அது குற்றம். அபராதம் 20,000 முதல் 50,000 ரூபாய் வரை; சிறைத்தண்டனையும் உண்டு. சொந்தப் பிள்ளை பள்ளி விட்டு வந்து கடையில் ஒத்தாசை செய்யலாம்; படிப்பு கெடக் கூடாது. அடுத்து, வலி என்று வரும் சிப்பந்தியை ஏசாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். சரக்குக்குச் சேதாரம் வந்தால் எழுதித் தள்ளலாம். மனிதனை அப்படித் தள்ள முடியாது.