மார்கிலான் பட்டறையும் நம் பட்டுக்கூடும்

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் உழவர் பெருமக்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். "ஒரே இடத்து முட்டை, ஒரே ரக மல்பெரி. அப்படியிருக்கத் தருமபுரி அங்காடியில் பக்கத்துத் தோட்டக்காரர் கூட்டுக்கு மட்டும் விலை கூடுவது ஏன்?" இதற்கான விடையை நான் கண்ணால் கண்டது உஸ்பெகிஸ்தான் நாட்டு மார்கிலான் நகரில்.

பட்டறையில் கண்டது

பெர்கானா பள்ளத்தாக்கில் உள்ள மார்கிலான், பண்டைப் பட்டுப் பாதையில் அமைந்த ஊர். அட்லஸ் என்னும் முழுப்பட்டுத் துணியும், பட்டுப் பாவும் பருத்தி ஊடையும் கொண்ட அட்ராஸ் துணியும் இன்றும் அங்கே கைத்தறியில் நெய்யப்படுகின்றன. இக்கலையைக் காத்துவரும் அவ்வூர்க் கைவினை மேம்பாட்டு மையத்தின் பணியை யுனெஸ்கோ 2017-ஆம் ஆண்டு தன் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது.

அந்நாட்டுப் பயணத்தின்போது அங்கு ஒரு பட்டறையில் அரை நாள் இருந்தேன். அடுப்பின்மேல் கொப்பரை, வெந்நீரில் கூடுகள் மிதக்கின்றன. ஓர் அம்மையார் குச்சியால் கிளறி, இழை நுனிகளைப் பிடித்து, பல கூடுகளின் இழைகளை ஒன்றுசேர்த்துச் சக்கரத்தில் ஏற்றுகிறார். பட்டு இழை என்பது ஃபைப்ராயின் என்ற நாரும், அதன்மேல் பூசிய செரிசின் என்ற பசையும் ஆகும். வெந்நீரில் பசை இளகி இழை விடுபடுகிறது. நல்ல வெண்பட்டுக்கூடு ஒன்றில் ஏறத்தாழ 1000 மீட்டர் இழை இருக்கும்.

அவர் அருகில் ஒரு கூடை இருந்தது. சில கூடுகளைக் கொப்பரையில் இடாமலே அதில் ஒதுக்கினார். எடுத்துப் பார்த்தேன். இரட்டைக் கூடு, கறைக் கூடு, மெல்லிய கூடு! நம் அங்காடியில் ஏலம் கேட்கும் நூற்பாளர் கூட்டை அள்ளிப் பார்க்கும்போது, இப்படி ஒதுக்கும் கூடைக்கு எத்தனை போகும் என்றே கணக்கிடுகிறார்.

கழிவால் வரும் இழப்பு

வெண்பட்டுக்கூடு ஏறத்தாழ 7 கிலோவுக்கு 1 கிலோ கச்சாப்பட்டு கிடைப்பதாகக் கொள்வோம். 70 கிலோ கூட்டில் 7 கிலோ கழிவானால் நூற்பாளருக்கு 1 கிலோ பட்டு குறையும். அந்த இழப்பை அவர் மொத்தக் கூட்டின் விலையிலும் கழித்துவிடுவார்.

மேலும், உஸ்பெகிஸ்தானில் பெரும்பாலும் வசந்தத்தில் புழு வளர்த்து, கூட்டை உலர்த்தி வைத்து ஆண்டு முழுவதும் நூற்கிறார்கள். நாமோ ஆண்டுக்குப் பலமுறை வளர்த்து, உயிருள்ள கூட்டையே விற்கிறோம். அந்துப்பூச்சி வெளிவந்தால் கூடு துளைபட்டு வீணாகும் என்பதால் விலைக்காகக் காத்திருக்க முடியாது. எனவே தரமே நமக்குத் துணை.

கவனிக்க வேண்டியவை

1. உண்பதை நிறுத்தி, உடல் கண்ணாடிபோல் தெளிந்த, பழுத்த புழுக்களை மட்டுமே தட்டியில் விட வேண்டும். முதிராத புழு மெல்லிய கூடு கட்டும்.

2. சந்திரிகைத் தட்டியில் சதுர அடிக்கு 40 முதல் 50 புழுக்கள் போதும். நெருக்கினால் இரண்டு புழுக்கள் சேர்ந்து இரட்டைக் கூடு கட்டும். அதன் இழைகள் பின்னிக்கொள்வதால் சீராக நூற்க வராது.

3. கூடு கட்டுமுன் புழு சிறுநீர் கழிக்கும். தட்டியின் அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, ஈரமானதும் மாற்றுங்கள். காற்றோட்டமில்லாத அறையில் ஈரம் தங்கினால் பசை இறுகி, நூற்கும்போது இழை அடிக்கடி அறும்.

4. எடை குறையுமுன் விற்றுவிட வேண்டும் என்று நான்காம் நாளே சிலர் கூடு எடுக்கிறார்கள். இது பெரும் தவறு. அப்போது கூட்டுப்புழு இளந்தோலுடன் இருப்பதால் வண்டிக் குலுக்கலில் நசுங்கி, நல்ல கூட்டையும் கறையாக்கிவிடும். கலப்பினக் கூட்டை ஐந்தாம் நாளிலும், வெண்பட்டுக்கூட்டை ஆறு அல்லது ஏழாம் நாளிலும் எடுப்பதே முறை.

5. கழிவுக்கூடுகளை வீட்டிலேயே பிரித்துவிட்டு, நல்ல கூடுகளைத் தளர்வாகப் பைகளில் நிரப்பி, வெயிலுக்கு முன் அங்காடி சேர்க்க வேண்டும்.

இருபது நாட்களுக்கு மேல் இரவு பகலாக இலையிட்டு வளர்த்த உழைப்பின் பலன், கடைசி ஆறேழு நாட்களில் காட்டும் கவனத்தைப் பொறுத்தே அமைகிறது. அடுத்த முறை புழுவைத் தட்டியில் விடும்போது அந்த அம்மையாரின் கூடையை உழவர்கள் நினைவில் கொண்டு, கூட்டுக்கு உரிய விலை பெறுவார்களாக!