அடித்தவரிடம் என்ன பேசுவது?

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கிறது விளாங்குடி. இங்கே ஒரு வீட்டில் புருசன் கைநீட்டினால், விஷயம் போகும் பாதை தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலத்தான். முதலில் மாமியார், பிறகு பிறந்த வீடு, பொறுக்க முடியாமல் போனால் மகளிர் காவல் நிலையம். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "இனிமே ஒழுங்கா இருப்பேன்" என்று எழுதி வாங்கிச் சேர்த்து அனுப்புவது பழகிப்போன வழக்கம். "பிள்ளைங்க முகத்தைப் பாரும்மா" என்ற புத்திமதி மட்டும் அடிவாங்கியவளுக்கு. இதையும் கவுன்சலிங் என்றே சொல்கிறார்கள்.

சட்டம் சொல்லும் கவுன்சலிங் வேறு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, நீதித்துறை நடுவர் கணவரைத் தனியாகவே ஆலோசனைக்கு அனுப்பலாம். 2006-இல் வந்த விதிகள் இன்னும் கறார். அடித்ததற்கு அவர் எந்த நியாயமும் சொல்லக் கூடாது. பேச்சைத் தொடங்கும் முன்பே இதை அவரிடம் தெரிவித்துவிட வேண்டும். "அவ வாய் கொஞ்சநஞ்சமில்ல சார்" என்பதற்கு அங்கே இடமே இல்லை.

"குடிச்சாத்தான் இப்படி, மத்தபடி தங்கமானவரு" என்பது அடுத்த சமாதானம். குடிநோய்க்குச் சிகிச்சை தேவைதான். ஆனால் அதே போதையில் முதலாளியையோ போலீஸ்காரரையோ அவர் அறைவதில்லையே! யாரை அடித்தால் திருப்பி விழாது என்ற கணக்கு போதையிலும் தப்புவதில்லை. ஆலோசகர் கைவைக்க வேண்டியது அந்தக் கணக்கில்தான். மனைவியிடம் தனியாகப் பேசாமல், கணவர் திருந்திவிட்டார் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்வதில் பயனில்லை.

ஆண்களிடமே பேசும் முயற்சிகள் புதிதல்ல. 1991-இல், மனைவியை அடிப்பதை எதிர்க்கும் ஆண்கள் வேண்டும் என்று ஒரு பத்திரிகையாளர் விளம்பரம் கொடுக்க, அதன் தொடர்ச்சியாக 1993-இல் மும்பையில் 'மாவா' என்ற ஆண்கள் அமைப்பு பிறந்தது. அமெரிக்காவின் டுலூத் நகரில் 1981-லேயே, அடிக்கும் ஆண்களைக் குழுவாக உட்காரவைத்துப் பல வாரங்கள் பேசும் முறையை ஆரம்பித்துவிட்டார்கள். பாதியில் நின்றுவிடுபவர்கள் அங்கும் உண்டு; பலன் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களும் ஒத்துப்போவதில்லை. ஆகவே கவுன்சலிங்கை நம்பிப் பெண்ணின் பாதுகாப்பைத் தள்ளிப்போட முடியாது. இது ஒரு சிலரின் பிரச்சினையும் இல்லை: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சமாதானக் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நடுவர் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணையைக் கணவர் மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த காகிதத்துக்கு அந்த வலு கிடையாது.