அடங்கிய ஊர் – 9: பூனாவில் வெடித்த துப்பாக்கியும் கோப்பாய்ப் படலையும்

கொரோனா பரவிய அரியாலை ஆராதனையையும், 2020 மார்ச் 20 மாலை நாடு முழுவதும் விழுந்த ஊரடங்கையும் முன்னைய வாரங்களில் பார்த்துவிட்டோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அதை மீண்டும் சொல்லத் தேவையில்லை. இந்த வாரம் தடுப்பூசி வரிசை என்று சொல்லியிருந்தேன். ஆனால் எந்தச் சட்டத்தின் பேரில் எங்களை வீட்டுக்குள் இருத்தினார்கள் என்று தேடப்போய், ஓர் ஆண்டிலேயே நின்றுவிட்டேன்: 1897.

2020 ஒக்டோபரில், முகக்கவசம் இல்லாமல் வெளியே வந்தால் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை என்று வர்த்தமானி வந்தது. அதற்கு அடியில் இருந்தது 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எங்கள் பூட்டன்மாரின் காலத்துச் சட்டம். 1896 இல் பம்பாயில் பிளேக் பரவியது. இந்தியாவில் 1897 பெப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இலங்கையிலும் இது வந்தது.

அந்த ஆண்டு பூனாவில் நடந்ததைக் கட்டாயம் சொல்லவேண்டும். பிளேக் தடுப்புக் குழுவுக்குத் தலைவராக வந்தவர் வால்டர் சார்ள்ஸ் ராண்ட் என்ற சிவில் அதிகாரி. நோயாளியைத் தேட அவர் அனுப்பியது வெள்ளைக்காரச் சிப்பாய்களை. அவர்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். பெண்களை வெளியே நிறுத்திப் பரிசோதித்தார்கள். சாமியறை வரை போனார்கள், சாமான்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். ஜூன் 22, விக்டோரியா மகாராணியின் வைரவிழா இரவு. விருந்து முடிந்து திரும்பிய ராண்டைத் தாமோதர் சாபேகர் சுட்டார். கூட வந்த லெப்டினன்ட் அயர்ஸ்டும் சுடப்பட்டு இறந்தார். காயப்பட்ட ராண்ட் ஜூலை 3 இல் உயிர்விட்டார். சாபேகர் சகோதரர் மூவரும் பின்னர் தூக்கில் போடப்பட்டார்கள். தன் கேசரிப் பத்திரிகையில் எழுதியவற்றுக்காகத் திலகருக்கு ராஜதுரோகக் குற்றத்தில் பதினெட்டு மாதச் சிறை. அந்தத் திலகர் நோயை மூடிமறைக்கச் சொன்னவர் அல்லர். பிளேக் நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி திறக்க முன்னின்றவர். பூனாச் சனம் மருந்தை வெறுக்கவில்லை. அடுப்படி வரை வந்த சப்பாத்தைத்தான் வெறுத்தது.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலும் கொரோனாக் காலத்து மனநிலை இதற்குப் பக்கத்தில்தான் இருந்தது என்பது என் எண்ணம். இந்த ஊர் கட்டுப்பாட்டுக்கு எதிரானது அல்ல. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து ஒரு வீட்டுப் படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனால், அயலவர் முருங்கைக்காயும் ஒரு போத்தல் பாலும் மதிலுக்கு மேலால் வைத்துவிட்டு, எட்ட நின்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். விதானையார் சொல்லி நடந்ததல்ல அது. இருபாலைப் பக்கம் ஒரு ஆச்சி என்னிடம் சொன்னார்: "தம்பி, கொப்புளிப்பான் வந்தா நாங்களே படலையில வேப்பிலை கட்டுவம். தாளிக்கமாட்டம், ஒருத்தரையும் உள்ள விடமாட்டம். ஆர் எங்களுக்குச் சொல்லித் தந்தது? ஆனா ஆமிக்காரன் வாசலில நிக்கேக்கை நெஞ்சு இடிக்குது."

ஆச்சியின் நெஞ்சு இடித்ததற்குக் காரணம் இருந்தது. கொரோனாத் தடுப்புச் செயலணிக்குத் தலைவராக இருந்தவர் வைத்தியர் அல்லர், இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. 2009 இல் வன்னியில் 58 ஆவது படையணியை நடத்தியவர். 2020 பெப்ரவரியில் அமெரிக்கா அவருக்குப் பயணத்தடை விதித்தது, அடுத்த மாதமே இந்தப் பொறுப்பு. பிள்ளையைக் காணாமல் தேடித் திரியும் ஒரு தாய் இன்றைய தொற்று எண்ணிக்கையை அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அந்த எண்ணிக்கையை அவள் நம்பவில்லை என்றால் அவளுக்கு அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோப்பாயில் மாவீரர் துயிலுமில்லம் இருந்த நிலத்தில் 2011 இல் இராணுவத்தின் 51 ஆவது படையணி தன் தலைமையகத்தை அமைத்தது. 2020 ஓகஸ்ட் 5 இல் பொதுத் தேர்தல் நடந்தது, அதற்குமுன் கூட்டங்களும் நடந்தன. நவம்பரில் மாவீரருக்கு விளக்கேற்றக் கூடுவதற்கு மட்டும், நோய்த்தடுப்பு விதிகளையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் ஒருசேரக் காட்டி நீதிமன்றங்களில் பொலிசார் தடை கேட்டார்கள். வாக்குக் கேட்கும் கூட்டத்தில் பரவாத கிருமி விளக்கடியில் மட்டும் பரவுமா என்று ஊர் கேட்டது. எவரும் பதில் சொல்லவில்லை. சனம் வீட்டு முற்றத்தில் ஏற்றியது.

அதே காலத்தில்தான் கோப்பாய் தேசிய கல்வியியற் கல்லூரி கொரோனா சிகிச்சை நிலையமாயிற்று. ஆசிரிய மாணவர்கள் படித்த இடத்தில் நோயாளர் கட்டில்கள். பருத்தித்துறை வீதியால் போகும்போது அம்புலன்ஸ் உள்ளே திரும்புவதைக் கண்டால் சைக்கிளை மற்றக் கரைக்கு எடுத்தவர்கள் உண்டு. அந்தப் பயத்தில் அரசியல் இல்லை, வெறும் உயிர்ப்பயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

தோட்டக்காரரின் கதை இன்னும் மிச்சம். மரக்கறி கொண்டுபோய்ப் போடுகிற திருநெல்வேலிச் சந்தை 2021 மார்ச்சில் மூடப்பட்டபோது கோப்பாய்ச் செம்மண்ணில் நின்ற கீரைக்கு என்ன நடந்தது என்பதை அடுத்த கிழமை எழுதுகிறேன். தடுப்பூசி வரிசையும் அதோடு வரும். 1897 இன் வால் ஒன்றும் இருக்கிறது: இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரை நோய்க்குப் பயந்து அடைத்துவைத்த மண்டபம் முகாம். இடம் கிடைத்தால் அதையும் சேர்ப்பேன்.