மூட்டுத் தேய்மானத்துக்கு 'எக்சோசோம்' ஊசி: இப்போ போட்டுக்கலாமா?

புனேயில் தேஹு ரோடை அடுத்த தேஹுவிலிருந்து ஆண்டுதோறும் வாரகரிகள் பண்டரிபுரத்துக்கு நடக்கிறார்கள். முழங்கால் வலியால் அந்த நடை நின்றுபோனவர்களை, 'எக்சோசோம் ஊசி போட்டா சரியாயிடும்' என்ற பேச்சு சுலபமாக இழுத்துவிடும். அது உண்மையா?

எக்சோசோம் என்றால் என்ன?
செல்கள் வெளியே அனுப்பும் நுண்ணிய பைகள். அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். புரதம், ஆர்.என்.ஏ. ஆகியவற்றைச் சுமந்துபோய் மற்ற செல்களுக்குச் செய்தி சொல்பவை.

நோயைக் கண்டறிய உதவுமா?
எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. அது தேய்ந்து, எலும்புகளின் இடைவெளி குறைந்த பிறகே பாதிப்பு புலப்படும். மூட்டுத் திரவத்தில் உள்ள எக்சோசோம்கள் முன்கூட்டியே துப்பு தருமா என்று ஆராய்கிறார்கள்.

சிகிச்சைக்கு?
ஸ்டெம் செல்களின் எக்சோசோம்கள் விலங்குகளில் அழற்சியைக் குறைத்து, குருத்தெலும்பு சீராக உதவின. மனிதர்களிடம் இன்னும் உறுதியாகவில்லை. அனுமதி பெறாத எக்சோசோம் ஊசியால் நெப்ராஸ்காவில் சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட, அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் எச்சரிக்கை விடுத்தது.

என்ன செய்யலாம்?
எடைக் குறைப்பு, தொடைத் தசைப் பயிற்சி, மருத்துவர் தரும் வலி மருந்து. முற்றினால் மூட்டு மாற்று. யாராவது ஊசி போடச் சொன்னால், 'இது பதிவு செய்த ஆய்வா?' என்று கேளுங்க. ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் இருக்கணும். ஆய்வுச் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை. பதிவு எண் இல்லாம, பணம் மட்டும் கேட்டா, எழுந்து வந்துடுங்க.