கயாக்குக்கு மலிவாக ஒரு தோல்

மரச்சட்டம் கட்டி, அதன்மேல் துணியை இழுத்துப் போர்த்தித் தைத்துச் செய்கிற கயாக்கில் ஆசையெல்லாம் மரவேலையிலேயே போய்விடும். போர்வையைக் கடைசி வாரத்தில், கையில் மிஞ்சிய காசுக்குத் தேடுவார்கள். மரம் படகுக்கு உருவம் தருகிறது. தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது இந்தப் போர்வைதான். அதனால் சட்டத்துக்கு மரம் வாங்கும்போதே துணியையும் முடிவுசெய்துவிடுவது நல்லது.

கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் சீல் தோலையும், அலூஷியன் தீவுகளின் உனங்கன் மக்கள் கடற்சிங்கத் தோலையும் போர்த்தினார்கள். பெண்கள் விலங்கின் நரம்பை நூலாக்கி, தண்ணீர் புகாதபடி தைத்தார்கள். தோலுக்கு அவ்வப்போது கொழுப்பெண்ணெய் தடவவேண்டும். ஒகேனக்கல் பரிசலும் இந்த வகைப் படகுதான்: மூங்கில் பின்னலுக்கு ஒருகாலத்தில் மாட்டுத்தோல், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். எங்கும் அந்தந்த ஊரில் கிடைத்ததைத்தான் போர்த்தினார்கள். நாமும் அப்படியே தேடலாம், சில சோதனைகளோடு.

முதலில் அளவு. ஒருவர் உட்காரும் 5 மீட்டர் கயாக்குக்கு 150 செ.மீ. அகலத் துணி ஐந்தரை மீட்டர் வாங்கினால் பெரும்பாலும் போதும். ஓரங்களை வெட்டியபின் படகின்மேல் நிற்பது ஏறக்குறைய 5 சதுர மீட்டர். இவ்வளவு சிறிய அளவில் ஒரு துணிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள விலை வித்தியாசம் நாம் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. பெயின்ட், நூல், தைக்கிற உழைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் செலவு. இரண்டாம் வருஷமே உரித்துவிட்டு மறுபடி போர்த்தவேண்டி வந்தால் அந்தச் செலவு இரட்டிக்கும்.

என் சிபாரிசு, மேற்பூச்சு எதுவும் இல்லாத, நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் துணி. எடை சதுர மீட்டருக்கு 270 கிராம் வாக்கில் இருக்கட்டும். கடையில் ‘270 ஜிஎஸ்எம்’ என்று கேட்டால் புரியும். அமைதியான ஏரிக்கும் ஆற்றுக்கும் இது போதும். பாறை உரசும் இடமானால் 340-க்குப் போகலாம். பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் நனைந்தால் தொய்யாது. சூடு காட்டினால் சுருங்கும் என்பது இன்னொரு வசதி. தைத்தபின் அங்கங்கே நிற்கிற சுருக்கங்களை இஸ்திரிப் பெட்டியால் மெல்லத் தேய்த்தே இறுக்கிவிடலாம். அமெரிக்காவின் பிளாட் மான்ஃபோர்ட் சிறு விமானங்களின் இறக்கைக்குப் போர்த்தும் மெல்லிய பாலியெஸ்டரை இப்படிச் சூட்டில் இறுக்கியே, ஒரு கையால் தூக்கக்கூடிய படகுகளை வடிவமைத்தார்.

ஆனால் கடையில் கிடைக்கும் எல்லாப் பாலியெஸ்டரும் அப்படிச் சுருங்காது. ஆலையிலேயே சூடேற்றிச் சுருக்கி அனுப்பியிருந்தால் வீட்டில் அசையாது. அதனால் முழுத் துணியை வாங்குமுன் கால் மீட்டர் மட்டும் வாங்கிச் சோதியுங்கள். துணியின்மேல் பேனாவால் 20 செ.மீ. சதுரம் வரையுங்கள். இஸ்திரியைக் குறைந்த சூட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றித் தேய்த்துவிட்டு, அதே கோட்டை அளந்து பாருங்கள். 19 செ.மீ. ஆகியிருந்தால் 5 சதவீதம் சுருங்கியிருக்கிறது. நமக்கு அது தாராளம். கோடு அப்படியே இருந்தால் அந்தத் துணி வேண்டாம் என்றில்லை, தைக்கும்போதே நன்றாக இழுத்துத் தைக்கவேண்டும், அவ்வளவுதான். பெட்டியை ஒரே இடத்தில் வைத்துவிடாதீர்கள். அளவு மீறிய சூட்டில் இழை பலவீனமாகும், பிறகு உருகிவிடும்.

கடைக்காரர் சொல்வதுதான் துணி என்று நம்பவும் வேண்டாம். ஓரத்திலிருந்து நாலைந்து இழை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் உதிரும். பாலியெஸ்டர் கரும்புகையோடு உருகி, ஆறியதும் கெட்டியான கருமணியாக நிற்கும். நைலானும் உருகும், ஆனால் புகை அவ்வளவு கறுப்பாக இராது. சாம்பலும் கெட்டித் துணுக்குகளும் கலந்து வந்தால் அது கலப்புத் துணி. அடுத்து, துணியை உதட்டில் வைத்து ஊதுங்கள். மூச்சு கொஞ்சமும் மறுபக்கம் போகவில்லை என்றால் பின்னால் பூச்சு இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு நின்றாலும் சந்தேகப்படுங்கள். பூச்சுள்ள துணியில் பெயின்ட் நெசவுக்குள் இறங்காது, மேலாக நின்று உரியும். குடைத்துணியும் பைத்துணியும் மலிவாகக் கிடைத்தும் உதவாமல் போவது இதனால்தான்.

நைலான் இன்னும் முரட்டுத் துணி. கல்லில் இழுபட்டாலும் சட்டென்று கிழியாது. ஆனால் ஈரம் பட்டால் நீளும், மழைக்காலத்தில் படகு தொளதொளக்கும். விலையும் பெரும்பாலும் கூடுதல். பாறை நிறைந்த கரையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் தகும்.

பருத்திக் கித்தான் பழைய, நேர்மையான வழி. இங்கிலாந்தில் படகு வடிவமைப்பாளர் பெர்சி பிளாண்ட்ஃபோர்டின் வரைபடங்களை வைத்து வீட்டிலேயே செய்த கயாக்குகள் பல கித்தான் போர்த்தியவைதான். தைக்க எளிது, எங்கும் கிடைக்கும். 500 ஜிஎஸ்எம் கித்தான் என்றால் துணி மட்டும் இரண்டரை கிலோ. பாலியெஸ்டர் ஒன்றரைக்கும் கீழே. கித்தான் பெயின்டையும் ஏராளமாகக் குடிக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து மக்கும்.

லாரிக்குப் போடும் பிவிசி தார்ப்பாய்க்குப் பெயின்டே தேவையில்லை, பசையால் ஒட்டலாம். 600 ஜிஎஸ்எம்முக்கு மேல் கனம். உருண்டு வளையும் இடத்தில் படியாமல் மடிப்பு விழும். பக்கங்கள் பட்டையாக உள்ள வடிவத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஒட்டும் வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், அந்த நெடி மூளைக்கு ஏறும். நீலநிறப் பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் வேறு கதை. அது பாலித்தீன்; பெயின்டும் பசையும் ஒட்டாது, வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். சட்டம் தண்ணீரில் எப்படி நிற்கிறது என்று கரையோரம் பார்க்க ஒருநாள் போர்த்தலாம், அதற்குமேல் வேண்டாம்.

பூசுவதற்கு எண்ணெய் எனாமல் போதும். முதல் பூச்சை டர்பன்டைன் கலந்து இளக்கிப் பூசினால் நெசவுக்குள் இறங்கும்; பிறகு இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின். சுவருக்கு அடிக்கும் தண்ணீர் எமல்ஷன் விலை குறைவுதான், ஆனால் ஊறினால் மெதுவாகி உரியும். இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் எனாமலைவிட உறுதி. கட்டுப்படியானால் வயிற்றுப் பகுதிக்காவது அதைப் பூசலாம். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், தையல் மேல்தளத்தின் நடுவில் ஓடட்டும்.

எந்தத் துணியானாலும் கிழியக்கூடியதுதான். கிழிந்தால் இந்தப் படகில் நீர் நிரம்புவதைத் தடுக்க உள்ளே தடுப்பறை இல்லை. ஆகவே முன்னும் பின்னும் காற்றடைத்த மிதவைப் பைகளைச் சட்டத்தோடு கட்டிவையுங்கள். உயிர்காப்பு அங்கியும், ஒட்டுப்போட அகலமான டேப் ஒரு சுருளும் அந்த ஐந்தரை மீட்டர் துணியோடு சேர்த்தே கணக்கில் வரவேண்டியவை.