திராவகத்தில் மின்சாரம் ஓடுவது ஏன்?

குறைந்த மார்க் வாங்கிய வாலிபர் கண்ட உண்மை!

சுத்தமான தண்ணீரில் மின்சாரம் ஓடுவதே அபூர்வம். தண்ணீர் கலவாத அசெட்டிக் திராவகத்திலும் (வினிகரில் புளிப்பைத் தருவது இதுதான்) அப்படியே. ஆனால் இரண்டையும் கலந்து பாருங்கள். மின்சாரம் ஓடத் தொடங்கிவிடும்!

இந்த அதிசயத்துக்கு விடை சொன்னவர் ஸ்வீடன் நாட்டு வாலிபர், ஸ்வாந்தே அர்ரேனியஸ்.

இரண்டு துண்டு

திராவகத்தின் மிகச் சிறிய துகளுக்கு மூலக்கூறு என்று பெயர். தண்ணீரில் விழுந்ததும் அது இரண்டாக உடைகிறது. ஒரு துண்டில் நேர் மின்சாரம் இருக்கும். மற்றதில் எதிர் மின்சாரம். இந்தத் துண்டுகள்தான் 'அயனிகள்'. உடைந்த ஹைட்ரஜன் துண்டைத் தண்ணீர் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. இது பிற்காலத்தில் தெரிந்த சங்கதி.

பேட்டரியின் இரு கம்பிகளை உள்ளே விட்டால், நேர் அயனிகள் ஒரு கம்பிக்கும் எதிர் அயனிகள் மறு கம்பிக்கும் ஓடும். இப்படி மின்சாரத்தைக் கடத்தும் பொருளை 'மின்பகுளி' என்பார்கள்.

மின்சாரம் பாய்ந்தால்தான் மூலக்கூறு உடையும் என்பது அந்தக் காலத்து எண்ணம். தண்ணீரே போதும் என்றார் அர்ரேனியஸ்.

பட்டம் வந்தது, மதிப்பு வரவில்லை!

1884-ல், தம் 25-வது வயதில், உப்சாலா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரை கொடுத்தார். மின்பகுளிகளைப் பற்றிய கட்டுரை அது. பேராசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. பட்டம் கொடுத்தார்கள். ஆனால் மிகக் குறைந்த மார்க்! அந்த மார்க்கை வைத்துக்கொண்டு அங்கே ஆசிரியர் வேலை கிடைக்குமா?

அவர் சோர்ந்துவிடவில்லை. கட்டுரையை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். ரீகா நகரில் இருந்த பேராசிரியர் ஆஸ்ட்வால்டு அதைப் படித்தார். எந்தத் திராவகம் ரசாயன வேலையை வேகமாகச் செய்கிறது என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தவர் அவர். அதே திராவகங்களில் மின்சாரத்தை விட்டுப் பார்த்தார். என்ன ஆச்சரியம்! அதே வரிசை!

உப்சாலாவுக்கு நேரிலேயே வந்து, வாலிபரைத் தம்மிடம் வேலைக்கு அழைத்தார். அதன் பிறகுதான் உள்ளூரில் கண் திறந்தது. அங்கேயே ஆசிரியர் பதவி கிடைத்தது. தண்ணீரில் மூலக்கூறு உடைவதை 1887-ல் அவர் இன்னும் தெளிவாக விளக்கினார். 1903-ல் நோபல் பரிசு! ஸ்வீடனுக்கு வந்த முதல் நோபல் பரிசு அது.

பலசாலியும் சோனியும்

தண்ணீர் கலந்த ஹைட்ரோ குளோரிக் திராவகத்தில் மூலக்கூறுகள் ஏறக்குறைய முழுவதும் உடைந்துவிடும். அது பலசாலி. சமையல் வினிகரில் சுமார் 200 மூலக்கூறுக்கு ஒன்றுதான் உடைந்திருக்கும். சோனி! அதனால்தான் ஊறுகாயில் ஊற்ற முடிகிறது.

கார் பேட்டரியில் இருப்பது தண்ணீர் கலந்த கந்தகத் திராவகம். கலக்கும்போது தண்ணீரில்தான் திராவகத்தைச் சிறுகச் சிறுக விடவேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணே போய்விடும்!

பேட்டரியில் வற்றுவது தண்ணீர்தான், திராவகம் அல்ல. ஆகவே மூடி திறந்து ஊற்றும் பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டுமே விடுவார்கள். குழாய்த் தண்ணீர் கூடாது. அதில் உள்ள உப்புகள் பேட்டரியைக் கெடுத்துவிடும்.